காட்டைத் தொடாத வாசம்

கொடைக்கானல் நாயுடுபுரத்தின் குளிரும் மூடுபனியும் மணமுள்ள ஆர்க்கிட்களுக்காகவே அமைந்தவை. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் எந்தச் செடியை வளர்க்கலாம், எதைச் சோலையிலேயே விட்டுவைக்க வேண்டும்?

நம் ஊரில் ஒரு பூவைக் கையில் கொடுத்தால், கண் அதைப் பார்த்து முடிப்பதற்குள் கை அதை மூக்கருகே கொண்டுபோய்விடும். பழனி மலைக்குக் கீழே, நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் கிலோக் கணக்கில் எடை போடப்படுகின்றன. மணமில்லாத கனகாம்பரத்தைக்கூட மல்லிகையோடு சேர்த்துத் தொடுத்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. இப்படிப் பழகியவர்களுக்கு ஆர்க்கிட் என்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். கல்யாண மேடைகளில் வரிசையாகச் செருகியிருக்கும் ஊதாப் பூக்களின் அருகே போய் நின்றால் ஒரு வாசமும் இருக்காது. "பார்க்க அழகு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தப் பூக்களிடம் மணம் இல்லாமல் போனதற்குக் காரணம் வியாபாரம். நிறம், பூவின் அளவு, வெட்டிய பிறகு வாடாமல் நிற்கும் நாள்கள் ஆகியவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கலப்பினம் செய்துவந்ததில், மணம் கேட்பாரில்லாமல் பின்தங்கிவிட்டது. இயற்கையில் நிலைமை வேறு. தேன் வாசம், எலுமிச்சை வாசம், பாதாம் வாசம், தேங்காய் வாசம் என ஆர்க்கிட் குடும்பத்தில் இல்லாத மணம் குறைவு. ஐஸ்கிரீமில் நாம் ருசிக்கும் வெனிலாவே ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான்.

நிலக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே போனால், இந்த மணமுள்ள ஆர்க்கிட்கள் தாமாகவே வாழும் சோலைக்காடு இருக்கிறது. அந்தக் காட்டின் விளிம்பில் இருக்கும் குடியிருப்புதான் நாயுடுபுரம்.

குளிர்தான் முதல் உரம்

கொடைக்கானல் ஏரியை விட்டுக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போகும் வழியில், செட்டியார் பூங்காவை ஒட்டியிருக்கும் பகுதி நாயுடுபுரம். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், தங்கும் விடுதிகள். வாசலில் ஜெரேனியம், ஃபியூசியா, ஹைட்ராஞ்சியா. பின்பக்கம் பேரிக்காய் மரம், பிளம்ஸ் மரம். சில இரவுகளில் காட்டெருமை தெருவில் நடந்துபோகும்.

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையின் உச்சத்திலும் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 8 டிகிரிக்கு இறங்கும். தாழ்வான இடங்களில் புல் மேல் உறைபனியும் படியும். தென்மேற்குப் பருவத்தில் சாரலும் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தின் கனமழை, இடைப்பட்ட காலத்தில் மூடுபனி. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டதுமே கவனிப்பது பகலுக்கும் இரவுக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான். இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்த சிம்பிடியம், டென்ட்ரோபியம் நோபிலே போன்றவை பூங்கொத்து விடுவதற்கு இரவுக் குளிர் கட்டாயம். சென்னையில் எவ்வளவு உரம் போட்டாலும் அவை வெறும் இலையாகவே நிற்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள ஐரோப்பா பெரும் விலை கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்துச் செல்வந்தர்களிடையே ஆர்க்கிட் மோகம் பரவியபோது, வெப்ப நாட்டுச் செடி என்றால் வெப்பம்தான் வேண்டும் என்று நம்பினார்கள். நீராவி விட்ட கண்ணாடி வீடுகளுக்குள் காற்றே புகாமல் அடைத்து வைத்தார்கள். குளிர்ந்த மலைகளிலிருந்து போன செடிகள் ஆயிரக்கணக்கில் வெந்து செத்தன. பல்லாண்டுகளுக்குப் பிறகுதான் குளிர்ந்த, காற்றோட்டமான வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் செலவழித்து உண்டாக்கிய அந்தச் சூழல், நாயுடுபுரத்தில் ஒரு சாதாரணத் திண்ணையில் செலவில்லாமல் கிடைக்கிறது.

மணம் யாருக்காக?

பூ மணப்பது நமக்காக அல்ல. மகரந்தத்தை எடுத்துச் செல்லும் பூச்சிக்கு விடுக்கும் அழைப்பு அது. எந்தப் பூச்சியை எதிர்பார்க்கிறதோ, அந்தப் பூச்சி நடமாடும் நேரத்தில்தான் ஆர்க்கிட் தன் மணத்தை அவிழ்க்கும். தேனீயை நம்பும் பூ வெயில் ஏறும்போது மணக்கும். அந்துப்பூச்சியை நம்பும் பூ பொழுது சாய்ந்த பிறகு மணக்கும். காலையில் முகர்ந்துவிட்டு "வாசமே இல்லை" என்று ஒதுக்கப்படும் செடி, இரவு எட்டு மணிக்கு அறையையே நிறைப்பதுண்டு.

மடகாஸ்கர் தீவின் ஓர் ஆர்க்கிட் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி. வெண்ணிறத்தில் நட்சத்திர வடிவப் பூ; அதன் தேன், ஓர் அடி நீளமுள்ள குழலின் அடியில் இருக்கிறது. 1862-இல் சார்லஸ் டார்வின் அந்தப் பூவைப் பார்த்து, அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றார். 1903-இல் அப்படிப்பட்ட பூச்சி விவரிக்கப்பட்டது. அந்தப் பூவும் இரவில்தான் மணக்கும்.

மணத்தை உண்டாக்கும் வேதிப்பொருள்களில் சில நமக்கு அந்நியமானவை அல்ல. மல்லிகையில் இருக்கும் லினலூல் பல ஆர்க்கிட்களிலும் இருக்கிறது. அவை எளிதில் ஆவியாகும் பொருள்கள் என்பதால், வெப்பமும் ஒளியும் சரியாக அமைந்தால்தான் காற்றில் கலக்கும். மூடுபனி மூடிய குளிர்ந்த காலையில் ஊமையாக இருக்கும் பூ, பத்து மணிக்கு வெயில் விழுந்ததும் மணக்கத் தொடங்குவது இதனால்தான். ஆகவே செடியை வாங்கிவிட்டால் மட்டும் வாசனை வந்துவிடாது. செடிக்குரிய குளிரையும் வெயிலையும் ஓய்வையும் கொடுக்கிறவர்களுக்கே மணம் கிடைக்கும்.

செண்பகனூரின் செல்வம்

பழனி மலையின் ஆர்க்கிட்களைப் பற்றிப் பேசும்போது செண்பகனூரைத் தாண்டிப் போக முடியாது. கொடைக்கானல் நகரத்துக்குச் சில கிலோமீட்டர் கீழே, 1895-இல் சேசு சபையினர் அங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். குருத்துவம் படிக்க வந்தவர்களும் படிப்பிக்க வந்தவர்களும் ஓய்வு நேரத்தில் மலையேறிச் செடிகளைச் சேகரித்தார்கள். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் ஆர்க்கிட் வளர்ப்பகமும் அந்த உழைப்பில் வளர்ந்தவை. ஆர்க்கிட் வளர்ப்பகத்தில் 300-க்கும் மேற்பட்ட வகைகள் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு.

பிரெஞ்சுப் பாதிரியார் லூயி ஆங்கிலேட் மலைத் தாவரங்களை ஒவ்வொன்றாக வண்ண ஓவியமாக வரைந்தார். இன்றைக்கு அங்குள்ள ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்னொரு பாதிரியார், ஜார்ஜ் ஃபோரோ, யாரும் திரும்பிப் பார்க்காத பாசிகளைத் தேடிப் போனார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1961-இல் வெளிவந்தது. ஆர்க்கிட்டுக்கும் பாசிக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும். மரப்பட்டையில் ஈரத்தைப் பிடித்து வைத்து, ஆர்க்கிட் விதை ஒட்டி நிற்க இடம் கொடுப்பது அந்தப் பாசிதான்.

சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூல் அந்தக் காலத்து வழிகாட்டி. பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகத்தை உருவாக்கிய கே. எம். மேத்யூ, 1999-இல் பழனி மலைத் தாவரங்களை முழுமையாகத் தொகுத்து வெளியிட்டார். மலையில் ஒரு செடியைப் பார்த்து இது இன்னது என்று உறுதியாகச் சொல்ல இன்றும் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

இந்த மலையின் மணமான ஆர்க்கிட் எது என்று கேட்டால், சீலோஜைனி ஓடராட்டிசிமா என்று சொல்வேன். 1830-இல் ஜான் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், அதன் மணத்தை வைத்தே அதற்குப் பெயர் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களிலும் இலங்கையின் மலைகளிலும் வாழ்கிறது. பாசி படர்ந்த மரத்திலும் பாறையிலும் சிறு சிறு பச்சைக் குமிழ்களாகப் படர்ந்து, நடுவில் மஞ்சள் தடவிய வெள்ளைப் பூக்களைத் தொங்கவிடும். ஜப்பான் ஆர்க்கிட்டையும் பிரேசில் ஆர்க்கிட்டையும் பணம் கொடுத்துத் தேடும் நாம், நம் மலையின் இந்தப் பூவைப் பெயர் சொல்லிக்கூட அறிவதில்லை என்பது வருத்தம் தருகிறது.

ஏழு ஆள் சுமை

நம் மலையில் மணமான ஆர்க்கிட் இருக்கிறது என்று படித்ததும் எழக்கூடிய ஆசையை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். சோலையிலிருந்து ஒரு கொத்தைக்கூடப் பெயர்த்து வரக் கூடாது.

1850-இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் வடகிழக்கு இந்தியாவின் காசி மலையில் நீல வாண்டா ஆர்க்கிட்டைக் கண்டு, ஏழு ஆள் சுமையளவு செடிகளைப் பறித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அடுத்தடுத்து வந்த சேகரிப்பாளர்கள் அதே மலையைச் சுரண்டினார்கள். அந்த நீல வாண்டாவைக் காப்பாற்ற, பின்னாளில் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் அகத்தியர் மலைக்கே உரிய 'ட்ரூரி' சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட்டும் அப்படித்தான். அழிந்தே போனது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட அளவுக்கு அது பறிக்கப்பட்டது.

பெயர்த்த செடி ஏன் பிழைப்பதில்லை? ஆர்க்கிட் விதை தூளாக இருக்கும். ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் விதைகள் இருந்தாலும், ஒன்றிலும் முளைக்குத் தேவையான உணவு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899-இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார். அந்தப் பூஞ்சை, அந்தப் பாசி, அந்த மரத்தின் நிழல், அந்த உயரத்தின் மூடுபனி ஆகிய எல்லாம் ஒன்றுகூடிய இடத்தில் முளைத்து, பூக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட செடியை ஒரு நிமிடத்தில் பிய்த்துவிட முடிகிறது. அறுந்த வேரோடு சட்டிக்கு வந்தது சில மாதங்களில் காய்ந்துபோகும். அங்கே சோலை மரம் வெறுமையாகும். இங்கே சட்டியும் வெறுமையாகும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2013-இல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளோ காப்புக் காட்டுக்குள்ளோ அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட தொகுப்பின்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் 757 மரத்திலும் பாறையிலும் தொற்றி வாழ்பவை. 388 உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்த 388-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு மரம் போனால் வாழ்வு இல்லை. பழனி மலையில் புல்வெளியைச் சீகை மரமும் பைனும் யூகலிப்டஸும் விழுங்கியது ஒரு பக்கம். சோலை துண்டு துண்டாகச் சுருங்கியது இன்னொரு பக்கம். வட்டக்கானல் பக்கம் பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் தொடங்கிய பாதுகாப்பு அறக்கட்டளை, சோலைச் செடிகளை நாற்றங்காலில் வளர்த்து மீண்டும் நட முடியும் என்று காட்டியது. ஆர்க்கிட்டிலும் அந்த வழியில்தான் நாம் போக வேண்டும்.

எதை வளர்க்கலாம்?

நாற்றுப்பண்ணையில் வளர்ந்த செடியே போதும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்தார். 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரல் தண்டு நுனித் திசுவிலிருந்து சிம்பிடியம் செடிகளைப் பெருக்கிக் காட்டினார். இந்த இரண்டு வழிகளும் வந்த பிறகு, வீட்டில் வளர்க்கக் காட்டுச் செடி தேவையே இல்லை. சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் ஆர்க்கிட்டுக்கென்றே தேசிய ஆய்வு மையம் இயங்குகிறது. வடகிழக்கு மாநிலப் பண்ணைகளிலிருந்து கன்றுகள் தபாலிலும் கூரியரிலும் தமிழ்நாட்டுக்கு வருகின்றன.

நாயுடுபுரம் உயரத்தில் வீட்டில் வளர்க்க ஏற்றவை இவை:

சீலோஜைனி கிறிஸ்டாட்டா: இமயமலைச் செடி. குளிர்காலம் முடியும்போது மஞ்சள் வரியோடு பெரிய வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். இதமான மணம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

சீலோஜைனி நிட்டிடா: இதுவும் இமயமலைச் செடிதான். பூ சிறியது, மணம் பெரியது.

சிம்பிடியம் எபர்னியம்: தந்த நிறப் பூ, தூய்மையான மணம். கடைகளில் கிடைக்கும் பெரிய பூ சிம்பிடியங்களில் பலவற்றுக்கு வாசம் இல்லை. ஆகவே பெயர் கேட்டு வாங்க வேண்டும்.

டென்ட்ரோபியம் நோபிலே: சிக்கிம் மாநிலத்தின் மலர். குளிர்காலத்தில் தண்ணீரை நன்றாகக் குறைத்துக் குளிரில் விட்டால் தண்டு நெடுகப் பூக்கும்.

டென்ட்ரோபியம் கிங்கியானம்: ஆஸ்திரேலியப் பாறைகளில் வளர்வது. சிறிய செடி, இனிய மணம், கடுங்குளிரையும் பொறுக்கும்.

சைகோபெட்டலம்: தென்னமெரிக்கச் செடி. பச்சையில் பழுப்புப் புள்ளிகள், ஊதா வரியோடிய உதடு. ஒரு கொத்து பூத்தால் திண்ணை முழுவதும் மணக்கும்.

வாண்டா ஃபல்காட்டா: ஜப்பானில் பிரபுக்கள் பேணி வளர்த்த கையகலச் செடி. வெள்ளைப் பூ, மாலையிலும் இரவிலும் மணக்கும். ஜன்னல் ஓரமே போதும்.

கொஞ்சம் கீழே பெருமாள்மலை, தாண்டிக்குடி பக்கம், காப்பித் தோட்ட நிழல் மரங்கள் உள்ள உயரத்துக்கு ஏரிடெஸ் வகைகள் பொருந்தும். தேங்காய் வாசம் வீசும் மேக்சில்லேரியா டெனுயிஃபோலியாவும் அங்கே நன்றாக வரும். சமவெளியில் இருப்பவர்கள் ரிங்கோஸ்டைலிஸ் ஜைஜான்டியாவையோ இரவில் மணக்கும் பிரசவோலா நோடோசாவையோ முயலலாம். நம் ஊர்ச் சமவெளி மரங்களிலேயே வாழும் வாண்டா டெசலேட்டாவுக்கும் நல்ல மணம் உண்டு.

வாங்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் பளிச்சென்று நிற்கும் ஃபெலினாப்சிஸ், வெப்ப நாட்டுக் காட்டுச் செடி. இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கும், மொட்டு உதிர்க்கும். கொடைக்கானலில் வீட்டுக்குள் கதகதப்பான இடம் இல்லாதவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

சட்டியும் கரியும்

மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்துத் தோட்டத்து மரத்திலிருந்து உரித்து எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. நிற்க இடம் மட்டுமே கேட்கிறது. அதன் வேரின் மேல் வெண்ணிறத்தில் பஞ்சுத்தன்மையுள்ள உறை ஒன்று உண்டு. மழை நீரையும் மூடுபனியின் ஈரத்தையும் அந்த உறை பிடித்துக்கொள்ளும். அடுத்த மழை வரும்வரை காற்றில் காயும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். அந்த வேரை மண்ணில் புதைத்தால் மூச்சுத் திணறி அழுகும்.

பக்கவாட்டில் துளைகள் உள்ள மண்சட்டி சிறந்தது. உள்ளே அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, பைன் பட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். சமவெளியில் பெரிதும் பயன்படும் தேங்காய் மட்டைத் துண்டு கொடைக்கானல் மழையில் ஈரத்தை அளவுக்கு மிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சேர்ப்பதானால் பல முறை ஊற வைத்து உப்பைக் கழுவி, கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோலைப் பாசியையும் மரப்பெரணியின் தண்டையும் யார் விற்றாலும் வாங்கக் கூடாது. ஆர்க்கிட்டைக் காட்டில் விட்டுவிட்டு அது நிற்கும் படுக்கையை உரித்து வந்தால் பயனென்ன?

சிம்பிடியமும் சைகோபெட்டலமும் தரைப்பக்கம் சாயும் குணமுள்ளவை. அவற்றுக்குச் சற்று நுண்ணிய கலவையும் கூடுதல் ஈரமும் வேண்டும். டென்ட்ரோபியமும் வாண்டாவும் பெரிய துண்டுகளில் காற்றாட நிற்க விரும்பும்.

வெளிச்சத்தை இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாக மெத்தென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. இளம்பச்சையாக விறைத்து நின்றால் சரி. சிவப்போ மஞ்சளோ ஏறினால் வெயில் அதிகம். கிழக்குப் பார்த்த திண்ணையில் காலை வெயிலும், உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலையும் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

தண்ணீருக்கு வேரைப் பார்த்தால் போதும். வேர் வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் பொறுக்க வேண்டும். ஊற்றும்போது சட்டியின் அடியில் வழிந்தோடும்படி நன்றாக ஊற்ற வேண்டும். உப்பில்லாத மழைநீர் ஆர்க்கிட்டுக்கு மிகவும் உகந்தது. கொடைக்கானலில் கோடை காலத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டை அறிந்தவர்கள், பருவமழையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது இரண்டு வகையில் நன்மை.

மாதம் பார்த்து வளர்க்க

ஜனவரி, பிப்ரவரி: வறண்ட குளிர். நோபிலேக்கும் சீலோஜைனிக்கும் ஓய்வு. வேர் சுருங்காத அளவுக்கு மட்டும் தண்ணீர். உறைபனி விழும் இரவுகளில் செடிகளைக் கூரைக்கடியில் நகர்த்த வேண்டும்.

மார்ச் முதல் மே வரை: பல வகைகள் பூக்கும் காலம். பூத்து முடிந்து புதுத் துளிரும் வேரும் தலைகாட்டும் வேளைதான் சட்டி மாற்ற ஏற்றது. பிரிப்பதானால் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று குமிழ்களாவது இருக்கட்டும். கரைத்து ஊற்றும் 19:19:19 உரத்தை, உறையில் சொன்ன அளவில் கால் பங்காக்கி வாரம் ஒரு முறை கொடுக்கலாம். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: சாரல், காற்று. தொங்கும் சட்டிகளை இறுகக் கட்ட வேண்டும். நத்தை இரவில் வந்து மொட்டையும் வேர் நுனியையும் தின்னும். டார்ச் அடித்துப் பொறுக்குவதே நல்ல வழி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: கனமழை. மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு, நாற்புறமும் காற்று. துளிரின் நடுவில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் கருகி அழுகும். சிம்பிடியத்துக்கு இந்தக் குளிர் இரவுகள் பூங்கொத்து எழும்பும் நேரம். அதை வீட்டுக்குள் அடைத்து வைக்கக் கூடாது.

மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் ஆரம்பத்திலேயே சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். குரங்குக்குத்தான் மருந்தில்லை. பூ விரியும் வாரங்களில் கம்பி வலைக்குள் வைப்பது நிம்மதி.

வீட்டுத் தோட்டத்தில் பழைய பேரிக்காய் மரம் இருந்தால் சட்டியே வேண்டாம். சொரசொரப்பான பட்டையுள்ள கிளையில், பண்ணையில் வாங்கிய செடியைத் தேங்காய் நாரால் கட்டி வைத்தால், மூடுபனியே தண்ணீர் ஊற்றும். வேர் பட்டையைப் பற்றிக்கொண்டதும் நாரை அவிழ்த்துவிடலாம். பட்டை உரிந்துகொண்டே இருக்கும் யூகலிப்டஸ் இதற்கு ஆகாது.

மலை செய்ய வேண்டியது

சீலோஜைனி ஓடராட்டிசிமாவை நாயுடுபுரத்தில் ஒருவர் நேர்வழியில் வளர்க்க ஆசைப்பட்டால், பண்ணைக் கன்று எளிதில் கிடைப்பதில்லை. இமயமலைச் செடி கூரியரில் வீடு தேடி வருகிறது; அடுத்த சோலையின் செடிக்கு நாற்று இல்லை. இந்த இடைவெளிதான் திருட்டுக்கு இடம் கொடுக்கிறது.

இதை நிரப்பத் தேவையான எல்லாம் மலையிலும் மாநிலத்திலும் இருக்கின்றன. கொடைக்கானலிலும் தாண்டிக்குடி அருகே தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. செண்பகனூரில் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடு ஒரு சில காய்களிலிருந்து மட்டும் விதை எடுத்து ஆய்வகக் குடுவையில் முளைக்கவைத்தால், ஒரு செடியையும் பெயர்க்காமல் ஆயிரக்கணக்கான கன்றுகள் கிடைக்கும். அவற்றில் ஒரு பகுதி சோலைக்குத் திரும்பிப் போகலாம். மறு பகுதியை மலைப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் வளர்த்து, சான்றிதழோடு விற்கலாம். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. தன் மண்ணின் மணத்துக்கு மதிப்புத் தேடித் தரும் வழி அதற்குத் தெரியும்.

அதுவரை ஒவ்வொரு வாங்குபவர் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. சாலையோரத்தில் யாராவது பாசியோடும் மரப்பட்டையோடும் ஆர்க்கிட் கொத்தை நீட்டினால், அது காட்டிலிருந்து உரித்தது. வேர் அறுந்திருக்கும், இலையில் பூச்சி கடித்த தழும்பு இருக்கும், சட்டி இருக்காது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பண்ணையில் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்ததா? இதன் முழுப் பெயர் என்ன? எந்தப் பருவத்தில், எந்த வேளையில் மணக்கும்? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கினால் செடி பிழைக்கும், பூ மணக்கும், சோலையில் ஒரு கிளையும் வெறுமையாகாது. வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்கள் வளர்க்கத் தொடங்குவார்கள்.